பொருள் எண் ஏழு

பெருமூச்சை எழுதக் கூடாது.
கைதட்டலையும்தான்.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை மணிக்குக் கலைந்தது.
பதினொரு வருஷமாக மக்ரோரி கார்னர்ஸ் மன்றத்துக்கு
நான் எழுதித் தந்தது இவ்வளவுதான்.

நவம்பர், செவ்வாய் இரவு. வெளியே ஈரப்பனி.
நாற்காலி போதாமல்
ஹாக்கி அரங்கிலிருந்து அறுபது கொண்டுவந்தார்கள்.
பொருள் எண் ஏழு:
நான்காம் சாலைக்கு வடக்கே
ஹார்மன் டைக்ஸ்ட்ராவின் சோயா வயல்,
அதை ஒட்டிய சதுப்பு,
அதன்மேல் ஆயிரத்து நானூற்று முப்பது வீடு.

'கருத்துக் கேட்பு' என்று தலைப்பிட்டேன்.
கேட்க என்ன மிச்சம்?
வெள்ளிக்கிழமை, அலுவலகம் பூட்டிய பிறகு
டொராண்டோவில் அமைச்சர் கையெழுத்தாகிவிட்டது
மண்டல ஆணையில். மேல்முறையீடு கிடையாது.
தாலி ஏறிய மூன்றாம் நாள்
பொருத்தம் பார்க்க உட்கார்ந்திருந்தோம்
சூடாறிய காப்பியோடு.

ஆளுக்கு ஐந்து நிமிடம்.
மஞ்சள் விளக்கு, அப்புறம் சிவப்பு.

ஓடெட் லஷான்ஸ் ஓர் ஊறுகாய் ஜாடியை
மேயரின் முன்னால் வைத்தாள்.
சதுப்புத் தண்ணீர்.
"உங்கள் வரைபடத்தில் இதற்குப் பெயர்
குடியிருப்பு, நடுத்தர அடர்த்தி" என்றாள்.
பிறகு பேசவேயில்லை.
மிச்சமிருந்த நான்கு நிமிடமும் ஒரு நீர்வண்டு
மேலே வந்து மூச்செடுத்துக் கீழே போயிற்று,
மேலே வந்து, கீழே.
நான் எழுதினேன்:
திருமதி லஷான்ஸ் எதிர்ப்பைத் தெரிவித்தார்.

கடைசி வரிசையில் டைக்ஸ்ட்ரா.
எவ்வளவுக்குப் போச்சு என்று யாரோ கத்தினார்கள்.
"விற்று ஆறு வருஷம்" என்றார், எழாமலே.
"அன்றிலிருந்து என் வயலையே
குத்தகைக்கு எடுத்து விதைக்கிறேன்.
என்னை ஏன் பார்க்கிறீர்கள்?"

மருத்துவமனைச் சீருடையிலேயே வந்திருந்தாள் ரொவீனா மகாராயக்.
இரண்டு பிள்ளைகளோடு ஒரு பேஸ்மென்ட்டில் இருக்கிறாள்,
ஒரு மணி நேர ஓட்டத்தில்.
"தவளைக்கு வீடு வேண்டும் என்றீர்கள், சரி.
இந்த அறையில் யார் வீட்டிலாவது
எனக்கு இரண்டு அறை வாடகைக்குக் கிடைக்குமா?"
நாற்பது நொடிதான் எடுத்துக்கொண்டாள்.
மஞ்சள் விளக்குக்கு வேலையே வரவில்லை.
ஹாக்கி நாற்காலிகள் கிரீச்சிட்டன.
அதையும் நான் எழுதவில்லை.

கட்டுமான நிறுவனத்தின் ஆலோசகர்
படம் காட்டினார். படத்தில் எப்போதும் ஜூன் மாதம்,
எல்லா மரமும் ஒரே உயரம்.
கட்டுப்படியாகும் விலை என்றார் ஐந்து தடவை.
எவ்வளவு என்று கேட்டாள் ரொவீனா.
ஒன்பது லட்சம் டாலரிலிருந்து.
எழுத எடுத்த பேனாவை
மூடி சட்டைப்பையில் செருகிக்கொண்டாள்.

மன்றத்திடம் இருந்தது ஒரே ஒரு வினைச்சொல்:
'பெற்றுக்கொள்ளப்பட்டது.'
ஆறுக்கு ஒன்று. இரவு 10:52. கலைந்தது.

என் வீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
எண்பத்தேழில் கட்டியது, மேப்பிள் கோர்ட்டில்.
அங்கே மேப்பிள் இல்லை, அதற்குமுன் இருந்தது
ஆப்பிள் தோப்பு என்கிறது பழைய கோப்பு.
அன்றைக்கு யார் என்ன கொண்டுவந்து
மேசைமேல் வைத்தார்களோ,
எழுதியவர் எழுதவில்லை.
ஏப்ரல் தோறும் என் பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஊறும்.
விடிய விடிய பம்பு ஓடும்.
நான் தூங்கிவிடுவேன்.

எல்லோரும் போனபின் ஜாடி மேசையிலேயே இருந்தது.
சமர்ப்பிக்கப்பட்ட பொருளைத் திருப்பித்தர விதியில்லை.
தேதி முத்திரை குத்தி ஒரு சீட்டு ஒட்டினேன்: பெறப்பட்டது.
அப்புறம், தாள்குத்தும் ஊசியால்
மூடியில் நான்கு ஓட்டை போட்டேன்.

அது குறிப்பில் இல்லை.